படம் போட்ட நோட்டுகள்

ஜூன் 9, திங்கள்

மரியசெல்வி டீச்சருக்கு வணக்கம். முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து பூசணி போலவும் அடுத்தது கடுகு போலவும் வருகிறது. கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் என் வரி மேட்டில் ஏறி இறங்குகிறது. நாற்பத்தொரு வருஷம் கோவில்பட்டி சந்தையில் மூட்டை தூக்கிய கை இது. கொக்கி பிடித்து வளைந்த விரல்கள் பேனாவையும் கொக்கி போலத்தான் பிடிக்கின்றன. நேற்று 'ழ' போடும்போது தாள் கிழிந்துவிட்டது.

முதியோர் வகுப்பில், தினமும் வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னீர்கள். வீட்டில் படித்தவர்கள் யாராவது பார்த்து 'சரி' போட வேண்டும் என்றும் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் படித்தது மருமகள் சண்முகக்கனி மட்டும்தான். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் மகன் வேல்ராஜ் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. இப்போது ராஜஸ்தான் பக்கம் குழாய் இறக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். பேரப்பிள்ளைகள் இல்லை. என் மனைவி இல்லை.

இன்று நடந்தது: பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கும் போக வேண்டியதில்லை. போர்டு படிக்கப் போனேன். சாத்தூர். எட்டயபுரம். விளாத்திகுளம் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஒரு கண்டக்டர், "பெருசு, ஏறுதியா இல்லையா?" என்றார். "படிச்சிக்கிட்டிருக்கேன்" என்றேன். "பஸ்ஸப் போயி எவனாவது படிப்பானா?" என்று விசில் அடித்தார்.

எழுபத்தொரு வயதில் ஊர் முழுக்க எனக்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 11, புதன்

கனி சிவப்புப் பேனாவில் சரி போட்டாள். நான்கு பிழை என்றாள். டீச்சர் ஏழு கண்டுபிடித்தீர்கள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றிலிருந்து கனி சரியாகச் சாப்பிடவில்லை. தோசையைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஏதோ வேலை அதிகம் என்று நினைத்தேன்.

காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது என் வேலை. முன்பெல்லாம் கிழித்து, சுருட்டி, காது குடைவேன். இப்போது ஒன்றும் விடாமல் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறேன். நல்ல நேரம், ராகு காலம், சூலம் மேற்கு. பதினான்காம் தேதித் தாளின் ஓரத்தில் கனியின் கையெழுத்து இருந்தது.

உயிரியல் 301
வேதியியல் 98
இயற்பியல் 12
நீட் மொத்தம் 411

மூன்று முறை படித்தேன். எண்கள் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், மூட்டை எண்ணிப் பழகியவன். எழுத்துதான் புதிது.

பதினோரு மாதமாக, "பிரமோஷன் பரீட்சைக்குப் படிக்கேன் மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகங்கள் மேஜைமேல் திறந்தே கிடக்கும். விண்ணப்பத்தின் நகல் டிவிக்கு அடியில் கிடக்கும். எதையும் ஒளிக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்த தேதியை எழுதுவதுபோல மார்க்கையும் காலண்டரிலேயே எழுதிவிட்டாள். இந்த வீட்டில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? மாட்டுக்கு முன்னால் ரகசியம் பேசுவதுபோலத்தான். நான் ஐந்து மாதமாகப் படிக்கப் போவது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறந்துவிட்டாள். எனக்கே சில நாள் மறந்துவிடுகிறது.

கனி டாக்டருக்குப் படிக்கப் பார்க்கிறாள்.

அந்தப் பன்னிரண்டில் வந்து என் விரல் நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீல வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், குழாயில் வருகிற நேரம்.

இப்போதுதான் நினைவு வருகிறது. இந்த நோட்டில் சரி போடுவதே கனிதான். எழுதிவிட்டேன். அழித்தால் தாள் கிழியும்.

ஜூன் 16, திங்கள்

சரி போடவில்லை. கீழே சிவப்பில் எழுதியிருந்தாள்: "மாமா, இந்தப் பக்கத்தை டீச்சரிடம் காட்ட வேண்டாம். உங்கள் மகனிடமும் சொல்ல வேண்டாம்."

நான் எழுந்திருக்குமுன் வேலைக்குப் போய்விட்டாள். கோபமா, பயமா, தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். யாரும் எனக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. இதுதான் முதல். திட்டினாலும் கடிதம்தானே. பதினோரு முறை படித்தேன்.

கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு இன்னொன்று வாங்கினேன். அது டீச்சருக்கு. அதில் காக்கையைப் பற்றி எழுதினேன். இது எனக்கு.

ஜூன் 18, புதன்

கனி வாயைத் திறந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எப்பலேர்ந்து மாமா இம்புட்டு படிக்க ஆரம்பிச்சீக?"

"நீ எழுதுனது தெளிவா இருந்துச்சு. டீச்சர் எழுத்து மாதிரி."

சிரிக்கவில்லை. உட்கார்ந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"பன்னெண்டு வாங்கினா பெயில் இல்லையா தாயி?"

"தனித்தனியா பெயில் கெடையாது மாமா. மூணையும் கூட்டித்தான் பாப்பாக. நூத்தியெம்பதுக்குப் பன்னெண்டு. அஞ்சு கேள்வி சரி, எட்டு தப்பு. தப்புக்கு ஒரு மார்க்க பிடுங்கிருவாக."

"உயிரியல்?"

"முன்னூத்தியறுவதுக்கு முன்னூத்தியொண்ணு." இதைச் சொல்லும்போது அவள் குரல் நிமிர்ந்தது. "ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல படிச்சவுகளுக்குன்னு தனியா கொஞ்சம் எடம் வச்சிருக்காக. அதுல வந்தா உண்டு. வராட்டி இல்ல. இருபத்தொம்பது வயசாச்சு, அடுத்த வருசம் எழுத எனக்குத் தெம்பு இல்ல."

"வேலுட்ட சொல்லலையா?"

"சொன்னா என்ன சொல்லுவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நாமக்கல்லில் ரிக் கம்பெனி ஆபீஸ் பக்கம் வீடு எடுத்து, அவளையும் என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று தைப் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இருவருமே வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

வேலு போன் செய்தான்.

"எப்பா, கனி எங்க?"

"ட்யூட்டி."

கனி அடுப்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். எழுபத்தொரு வயதில் மருமகளுக்காகப் பொய் சொல்லப் பழகுகிறேன். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ரயில்வே கேட் வரை நடந்தேன். "கேட் மூடியிருக்கும்போது கடக்காதீர்" என்று எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் நுழைந்து எல்லோரும் கடந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றேன். படித்துவிட்டேனே.

ஜூன் 29, ஞாயிறு

கனி நூலகத்தில் எடுத்து வைத்திருந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் பிரித்தேன். இவளைப் படுத்திய பாடம் எது என்று நானே பார்த்துவிடலாம் என்றுதான். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதில் போட்டிருக்கிறது: ஒருவன் தலையில் சுமையோடு சமதளத்தில் நடந்தால், புவியீர்ப்பு விசைக்கு எதிராக அவன் செய்த வேலை சுழி.

நான் திரும்பவும் படித்தேன். சுழி என்றால் சுழிதான். கனி வந்ததும் கேட்டேன்.

"நாப்பத்தொரு வருசம் குடோனுக்கும் லாரிக்கும் நடுவுல மொளகாய் மூட்டை சொமந்தேன். சமதளந்தான். நான் ஒரு வேலையும் செய்யலையா?"

"அந்தக் கணக்குப்படி செய்யல மாமா."

"எழுதுனவன் ஒரு மூட்டையாவது தூக்கியிருப்பானா?"

"லாரியில மேல ஏத்துனீகள்ல, அது வேலை. அதுக்கு உண்டு."

"அப்ப நடந்ததுக்குக் கூலி குடுத்தானே மொதலாளி, அவனுக்கு இயற்பியல் தெரியாதோ?"

கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தாமல் சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் தடவை. "நானும் இந்தக் கேள்வியத்தான் மாமா பரீட்சையில தப்பாப் போட்டேன். ஒங்க ஞாபகம் வந்து, சுழின்னு போட மனசு வரல" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமா என்று தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முட்டை பொரித்தாள்.

ஜூலை 2, புதன்

கல்லூரி இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. சாதிச் சான்று, பள்ளிக்கூடச் சான்று எல்லாம். இனிப் பட்டியல் வர வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

பட்டியல் வரவில்லை.

ஜூலை 5, சனி

வரவில்லை. மூன்று தடவை முகம் கழுவினேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். எழுத்து தெரியாததால் இல்லை.

கனி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே முழுக்க அவளுடைய பள்ளிக்கூட நோட்டுகள். நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போனாலும் அந்தப் பெட்டியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்து விரித்து வைப்பாள். நான் அதைப் பழைய துணி மாதிரி நினைத்தேன். சில பேர் வைத்திருப்பார்கள் அல்லவா, தூக்கிப் போட மனசு வராமல்.

இரண்டாவது வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். பழைய பேப்பர்காரன் தெருவில் வந்தான். பேப்பர் போட்டால் பிளாஸ்டிக் வாளி. கனி ட்யூட்டிக்குப் போயிருந்தாள். பெட்டியை நகர்த்த முடியவில்லை, பாரம். கொஞ்சம் குறைக்கலாம் என்று திறந்தேன்.

நான் கண்மூடித்தனமாகப் போடவில்லை. பார்த்துத்தான் பிரித்தேன். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினேன். படம் இருந்ததை ஒரு பக்கம் வைத்தேன். இதயம், தவளை, இலை, கண், எலும்பு. கலர் பென்சிலால் அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். இதெல்லாம் முக்கியமானது, வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கே தோன்றியது. குடுவையும் புகையும் போட்ட நோட்டு பாதி பாதியாக இருந்தது. அதில் கொஞ்சம் வைத்தேன், கொஞ்சம் போட்டேன். மற்றதில் படமே இல்லை. வெறும் எழுத்து, கோடு, அம்பு. அதைக் கட்டிப் போட்டுவிட்டேன்.

ஒரு நீல வாளி கிடைத்தது.

கனி வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். வாளியை எடுத்துப்போய்க் குழாயில் தண்ணீர் பிடித்தாள். அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் அவள் அந்தப் பெட்டியைத் திறந்து நான் பார்க்கவில்லை. போன வருஷம்தான் மறுபடி எடுத்தாள்.

உயிரியல் 301. வேதியியல் 98. இயற்பியல் 12. காலண்டர் தாளில் அன்றைக்கு நான் பார்த்தது அவள் மார்க்கை அல்ல. நான் என்ன வைத்தேன், என்ன போட்டேன் என்பதற்கான பட்டியலை.

இதற்கு நீ சரி போட வேண்டாம் கனி. படித்தால் போதும்.

ஜூலை 9, புதன்

மத்தியானம் சோறு போடும்போது கனி பேசினாள். கையில் கரண்டியை வைத்துக்கொண்டே.

"நோட்டு இருந்திருந்தாலும் எனக்கு பிசிக்ஸ் வந்திருக்காது மாமா."

"வந்திருக்கும்."

"எப்பிடிச் சொல்லுதீக?"

"ஒன் எழுத்து அந்த நோட்டுல நெருக்கி நெருக்கி இருந்துச்சு. வராததை யாரு அவ்வளவு எழுதுவா?"

ரசம் ஊற்றினாள். பிறகு சொன்னாள்: "எங்க பிசிக்ஸ் சார் ரிடையர் ஆகி ஊருக்குப் போயிட்டாரு. ஒரு கணக்கை மூணு வழியில போட்டுக் காட்டுவாரு. புஸ்தகம் எங்கயும் கெடைக்கும். அந்த மூணு வழி நோட்டுல மட்டுந்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

ஜூலை 25, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. கனி பெயர் இருக்கிறது. போனில் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது, ஆனால் 411 என்பதை நான் கண்டுபிடித்தேன். இரண்டு 411 இருந்தது.

"எதுக்குத் தாயி ரெண்டு?"

"இன்னொரு பிள்ளையும் அதே மார்க்கு, அதே பிரிவு. பூவிழின்னு பேரு, விழுப்புரம் மாவட்டம். எனக்குக் கீழ இருக்கா."

"ஒண்ணு போல மார்க்குன்னா எப்பிடிக் கீழ?"

"மொத்தம் ஒண்ணா இருந்தா உயிரியல்ல யாரு கூடன்னு பாப்பாக. கூட எடுத்தவுக முன்னால."

வெளியே போய் நின்றேன். எனக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. படம் போட்ட நோட்டு அவளை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறது. அதைச் சொல்லிச் சந்தோஷப்படலாமா? அந்த வாளிக்காரனுக்கு நன்றி சொல்வது போல ஆகிவிடாதா? தெருவில் இரண்டு முறை போய் வந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி சென்னைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இடம் கிடைக்குமா என்றால், "இழுபறி" என்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

"எப்பா, வீடு பாத்துட்டேன். ஆவணி மொத முகூர்த்தத்துல பால் காய்ச்சிருவோம். கனிய வேலைய விடச் சொல்லி எழுதிக் குடுக்கச் சொல்லு. எங்க அவ?"

"ட்யூட்டி."

"ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டியா? எப்பப் பாத்தாலும் ட்யூட்டி."

கனி இந்த முறை அடுப்படியில் இல்லை. நிஜமாகவே ட்யூட்டி. ஆனால் என் குரல் பொய் சொல்வது போலவே வந்தது.

ஜூலை 30, புதன்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்கு இன்று நான் காரணம் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. நேற்று நடந்ததை முறையாக எழுதப் பார்க்கிறேன்.

பெரிய மண்டபம். முன்னால் மேஜைகள், அதிகாரிகள், கம்ப்யூட்டர்கள். மேலே ஒரு பெரிய திரை. எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதம் என்று தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட எண் குறைந்தது. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிள்ளைகள் முன் வரிசையில், கூட வந்தவர்கள் பின்னால். கனிதான் அங்கே மூத்தவள். ஒரு அம்மா அவளைப் பார்த்து, "உங்க தங்கச்சிக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றாள் கனி. பக்கத்தில் ஒல்லியான ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். கனி திரும்பி என்னைப் பார்த்து வாயசைத்தாள். "பூவிழி."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பூவிழியின் அப்பா. மாசிலாமணி. கரும்பு வெட்டப் போகிறவர். என்னைவிட இருபது வயது சின்னவர். கையெல்லாம் கீறல்.

"என் பொண்ணு எல்லாப் பாடத்துலயும் சமமா எடுத்திருக்குங்க" என்றார் பெருமையாக. "இருநூத்தி இருவத்தாறு, தொண்ணூத்தேழு, எம்பத்தெட்டு. ஒண்ணுலகூட சறுக்கல. டீச்சருங்கல்லாம் சொன்னாங்க, இப்படி எடுக்கறதுதான் கஷ்டம்னு."

"நல்ல பிள்ளை" என்றேன். எங்கள் மார்க்கைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என் கையைத் தொட்டார். "பெரியவரே, கண்ணாடி போட்டிருக்கீங்க. அதுல இன்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்களேன். நமக்குப் படிப்பு இல்ல."

என்னைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தமாக, மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தேன். அவருக்கு வேண்டாத பிரிவையெல்லாம்கூடப் படித்தேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பிரிவு வந்தது. "எம்.பி.பி.எஸ்., ஒன்பது. பல் மருத்துவம், பதினேழு."

"ஒம்போது" என்று அவர் விரலை மடக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் படிக்க, அவர் மடக்கினார். எட்டு. ஏழு. ஐந்து. நான் அவருக்கு நல்ல சேதி சொல்வது போலப் படித்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

"ஒன்று" என்று படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அப்போது கூப்பிட்டார்கள்: "சண்முகக்கனி."

கனி எழுந்தாள். நான்கு எட்டு வைத்து நின்றாள். திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, பூவிழியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை மடியில் சான்றிதழ் ஃபைலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கனி எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. எனக்கு அது சந்தையில் நூறு மூட்டை இறக்கும் நேரம். 'போ, போ' என்று உள்ளுக்குள் சொன்னேன். உண்மையைத்தான் எழுத வேண்டும். அந்த நேரத்தில் பூவிழியும் இல்லை, மாசிலாமணியும் இல்லை, கனி அந்த மேஜைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

போனாள். உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

திரை மாறியது.

"இப்ப எவ்ளோங்க பெரியவரே?" என்றார் மாசிலாமணி. விரலை மடக்கத் தயாராக வைத்திருந்தார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தேன். "எழுத்து சரியாத் தெரியல" என்றேன்.

எழுத்தே தெரியாமல் எழுபது வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு நாளும் அதற்காகப் பொய் சொன்னதில்லை. தெரியாது என்றால் தெரியாது. இப்போது தெரிந்து வைத்துக்கொண்டு தெரியாது என்றேன். அவர் நம்பினார். "கண்ணு மங்குதுங்களா? இருங்க, அந்தத் தம்பியக் கேக்கறேன்" என்று எழுந்தார். வேறு யாரோ அவரிடம் அதைச் சொல்லப் போகிறார்கள். அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எம்.பி.பி.எஸ்., சுழி" என்றேன். "பல் மருத்துவம் பன்னெண்டு."

அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடக்க ஒன்றும் இல்லை.

"கடைசியா யாரு எடுத்தா?"

"எங்க வீட்டுப் பிள்ளை. அதே நானூத்திப் பதினொண்ணு. உயிரியல்ல கூட இருந்தா முன்னால கூப்பிடுவாகளாம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சமமா எடுத்தா நல்லதுன்னு சொன்னாங்களே" என்றார். என்னிடம் கேட்டாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அப்புறம், "மருமவளா? நல்லாப் படிக்கட்டும்" என்றார்.

பூவிழி பல் மருத்துவம் எடுக்கவில்லை. இரண்டாவது சுற்று வரை காத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. அழவில்லை. வெளியே வந்ததும் கனிதான் அழுதாள். அந்தப் பிள்ளை, "அக்கா, அழாதீங்க, உங்களுக்கு ஏஜ் ஆயிடுச்சு, எனக்கு டைம் இருக்கு" என்றது. கனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

திருவண்ணாமலை கல்லூரி கிடைத்திருக்கிறது. பதினொன்றாம் தேதிக்குள் சேர வேண்டும். நான் மாசிலாமணியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, இந்த நோட்டின் அட்டையில் என் கையால் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேலு போன் செய்தான்.

"எப்பா, கனி எங்க?"

"வீட்லதான் இருக்கா. மொதல்ல நான் ஒண்ணு வாசிக்கேன், கேளு."

ஜூலை எட்டாம் தேதி எழுதியதை வாசித்தேன். மெதுவாகத்தான் வரும். இரண்டு முறை "என்னப்பா இது" என்றான். மூன்றாவது முறை குறுக்கே பேசவில்லை. பின்னால் ரிக் இரையும் சத்தம் கேட்டது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

முடித்ததும், "யாருப்பா எழுதிக் குடுத்தா?" என்றான்.

"நாந்தான்."

"நீயா?"

"நாந்தான்லே."

அப்புறம் கல்லூரி கிடைத்ததைச் சொன்னேன். அவன் வெடித்தான். நாமக்கல் வீடு என்ன ஆச்சு, அஞ்சரை வருசம் நான் யாருக்குப் புருசன், எல்லாரும் சேந்து என்னைக் கேணயன் ஆக்கிட்டீங்க என்றான். எல்லாம் நியாயம். "நீ எங்க இருப்ப?" என்றான். "இங்கதான். எனக்குப் பரீட்சை இருக்கு" என்றேன். போனை வைத்துவிட்டான்.

பத்து நிமிஷம் கழித்துக் கனி போனுக்கு அடித்தான். அவள் கொல்லைப்புறம் போய்ப் பேசினாள். சோறு வடித்து, குழம்பு கூட்டி, துவையலும் அரைத்துவிட்டேன், அவள் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பத்தாம் தேதி வாராகளாம்."

"சண்டை போடவா, அனுப்பி வைக்கவா?"

"அவுகளுக்கே இன்னும் தெரியல மாமா."

ஆகஸ்ட் 7, வியாழன்

தூக்கம் இல்லை. டீச்சர் நோட்டில் மறுபடி காக்கை எழுதினேன். "இந்தக் காக்கைக்கு என்னதான் பிரச்சினை?" என்று டீச்சர் கேட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேலு விடிகாலையில் வந்தான். குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். கனி பெட்டி அடுக்கினாள். அவன் எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்தான். பெரிய பையின் ஜிப் பல் பிடிக்காமல் வாய் பிளந்தது. கனி இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"இங்க கொண்டா" என்றான்.

தன் பையிலிருந்து மெல்லிய கம்பி எடுத்து, ஜிப்பைக் கழற்றி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பல் பல்லாகக் கோத்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. முடித்து, நான்கு முறை மூடித் திறந்து பார்த்தான்.

"ஹாஸ்டல்ல தண்ணி எப்பிடியாம்? போர்வெல்லா, குழாயா?"

"தெரியலையே."

"திருவண்ணாமலைப் பக்கம் பாறை. தண்ணி உப்பா இருக்கும். வடிகட்டி ஒண்ணு வாங்கித் தாரேன்." அப்புறம் என்னைப் பார்த்தான். "நாமக்கல் வீட்டுக்காரன்ட்ட நான் என்னத்தச் சொல்ல?"

கனி பையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். அவன் எங்களை இன்னும் மன்னிக்கவில்லை. ராத்திரி பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்புகிறோம்.

ஆகஸ்ட் 13, புதன்

கனி சேர்ந்துவிட்டாள். "அங்க பிசிக்ஸ் இருக்கா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். "கெடையவே கெடையாது மாமா" என்றாள். வேலு நேற்றே ராஜஸ்தானுக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் நான் மட்டும். சரி போட ஆள் இல்லை, பிழைகள் அப்படியே இருக்கட்டும்.

மாசிலாமணிக்கு நானே நம்பரைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். கரும்புக் காட்டில் இருந்தார். கொஞ்சம் பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் இடம் காலியாகுமாம், இரண்டாம் சுற்றில் அது வருமாம், கனி கேட்டுச் சொன்னாள். காலியிடங்கள் அடுத்த புதன்கிழமை தெரியும். இடங்களின் விவரம் தமிழ்ப் பேப்பரிலும் வரும். "ஊருல படிச்சவங்க கிட்ட கேட்டா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க பெரியவரே" என்றார். அன்றைக்கு நான் சொன்ன பொய் அவருக்கு இன்னும் தெரியாது. "கண்ணு எப்படி இருக்கு?" என்று வேறு விசாரித்தார்.

நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் வரும் பேப்பர்க் கட்டை ஸ்டாண்டிலேயே பிரிக்கச் சொல்லி, எங்கள் பிரிவுக்கு எதிரே என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். சுழி இருந்தாலும் சுழி என்றே படிப்பேன். முதலில் அவருக்குச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து அதே எண்ணை இங்கே எழுதுகிறேன்.